புங்க எண்ணெயின் ரகசியம் கண்ட தமிழர்

கல்வராயன் மலையில் இருந்து இறங்கி கள்ளக்குறிச்சிக்கு வரும் வழியில், சாலை ஓரம் புங்க மரங்களைப் பார்க்கலாம். புங்க எண்ணெயை நம் பாட்டன்மார் விளக்கில் ஊற்றி எரித்தார்கள். சொறி, சிரங்குக்குத் தடவினார்கள். அந்தக் கசப்பு எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது? அதை ஆராய்ந்து கண்டவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். அவர்தான் டாக்டர் டி. ஆர். சேஷாத்திரி.

ஆசிரியர் மகன்

காவிரிக் கரையில் உள்ள குளித்தலையில், 1900-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி பிறந்தார். தந்தை பள்ளிக்கூட ஆசிரியர். சென்னை மாநிலக் கல்லூரியில் சேஷாத்திரி படிப்பதற்கு ராமகிருஷ்ண மிஷன் உதவியது. பட்டம் பெற்றதும், ஓராண்டு அந்த மிஷனிலேயே பணி செய்தார்.

பிறகு இங்கிலாந்து சென்றார். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சன் என்ற பேரறிஞரிடம் ஆராய்ச்சி செய்து, 1929-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்து ஆஸ்திரியாவில், நோபல் பரிசு பெற்ற பிரெகல் என்ற விஞ்ஞானியிடம் ஓர் அரிய முறையைக் கற்றார். ஒரு பொருள் சில மில்லிகிராம் இருந்தால் போதும். அதில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று கணக்காகச் சொல்லிவிடலாம்!

கூடைப் பூ, சிட்டிகைத் தூள்

தாயகம் திரும்பியவர், வால்டேரில் உள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தார். பூக்களைச் சாராயத்தில் ஊற வைத்து, வடிகட்டி, வற்றவைத்து, மீண்டும் மீண்டும் சுத்தம் செய்ய வேண்டும். கூடை கூடையாகப் பூ போட்டாலும், கிடைப்பது சிட்டிகைத் தூள்தான். வெளிநாட்டில் கற்ற முறை அப்போது கை கொடுத்தது.

குண்டு விழுந்தது

1942-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு வீசின. பல்கலைக்கழகம் குண்டூருக்கு இடம் மாறியது. பாடுபட்டு அமைத்த ஆய்வுக்கூடத்தை விட்டுப் போக நேர்ந்தது. ஆனாலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. அந்தப் போர்க் காலத்தில்தான், அவரும் அவருடைய குழுவினரும் புங்க எண்ணெயில் இருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் பொங்கமால். சூரியனின் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. புங்க வேர்ப்பட்டையில் கிடைத்த இன்னொரு பொருளுக்கு கானுகின் என்று பெயர். கானுக என்றால் தெலுங்கில் புங்கம்.

1949-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் சென்றார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக் கவுரவித்தது. 1963-ல் பத்மபூஷண் விருது வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, ஏராளமான மாணவர்களை டாக்டர் பட்டத்துக்கு உயர்த்திய சேஷாத்திரி, 1975 செப்டம்பர் 27-ந் தேதி காலமானார்.

ஏழை வீட்டு விளக்கில் எரிந்த புங்கத்தின் பெயர், அவர் உழைப்பால் உலக ரசாயன நூல்களில் ஏறி நிற்கிறது.