ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட்

ஹென்றி பிரான்சிஸ் பிளான்போர்ட் (ஜூன் 3, 1834 – ஜனவரி 23, 1893) ஓர் ஆங்கிலேய நிலவியலாளரும் வானிலையியலாளரும் ஆவார். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் இவரே. ஒரிசாவின் பாறைகளில் தொல்பழங்காலப் பனியின் தடயத்தைக் கண்டவர்களுள் ஒருவர். பின்னாளில் இமயமலைப் பனியைக் கொண்டு பருவமழையை முன்கணிக்க முயன்றார்.

தால்சேர் பாறைகள்

இலண்டனில் பிறந்த இவர், அங்குள்ள அரச சுரங்கவியல் பள்ளியில் பயின்றார். 1855 இல் தம் அண்ணன் வில்லியம் பிளான்போர்டுடன் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். இருவரும் முதலில் அனுப்பப்பட்ட இடம் ஒரிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியாகும். அங்கே மென்மையான வண்டல் படிவின் நடுவே பெரும் பாறாங்கற்கள் புதைந்திருந்தன. நுண்ணிய வண்டல் அமைதியான நீரில்தான் படியும். அத்தகைய நீரோட்டத்தால் பாறாங்கற்களை உருட்டிவர இயலாது. எனவே மிதந்துவந்த பனிக்கட்டிகளே அவற்றைச் சுமந்து வந்து இட்டிருக்க வேண்டும் என்று 1856 ஆம் ஆண்டு அறிக்கையில் அவர்கள் விளக்கினர். வெப்ப மண்டலத்தில் பனி இருந்தது என்பதைப் பலர் ஐயுற்றனர். 1870களில் மத்திய இந்தியாவில் பனியாறு தேய்த்த கீறல்களுடன் கூடிய கற்கள் கிடைத்தபின் அவ்விளக்கம் வலுப்பெற்றது.

அந்தப் படிவுகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் பழமையானவை என்று இன்று அறிகிறோம். அந்தாட்டிக்காவில் துளையிட்டு எடுக்கப்படும் பனிக்கட்டித் தண்டுகள், தம்முள் அடைபட்ட காற்றுக் குமிழிகளின் வழியே பழைய காலநிலையைக் காட்டுகின்றன. எனினும் 2025 ஜனவரியில் அங்கே அடிப்பாறை வரை எடுக்கப்பட்ட தண்டு கூட ஏறத்தாழ 12 இலட்சம் ஆண்டுகளையே எட்டுகிறது. அதற்கு வெகு முந்தைய பனிக்காலங்களுக்குப் பாறைகளே சான்று.

தமிழகத்தில்

1857 முதல் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கிரீத்தேசியக் காலப் பாறைகளை ஆராய்ந்தார். அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் எனும் மூன்று தொகுதிகளாக இவர் பகுத்தது இன்றும் அடிப்படையாக உள்ளது. உடல்நலக் குறைவால் 1862 இல் இப்பணியிலிருந்து விலகி, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார்.

1875 இல் வெளியான கட்டுரையில், தாவரப் புதைபடிவங்களின் ஒற்றுமையைக் கொண்டு இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் முன்பு நிலத்தால் இணைந்திருந்தன என்று வாதிட்டார். தமிழ்நாட்டில் லெமூரியா பற்றிப் பேசுவோர் கவனிக்க வேண்டியது இது: இணைப்பு உண்மையே, ஆனால் நிலப்பாலம் எதுவும் கடலில் மூழ்கவில்லை, கோண்டுவானா பிளந்து கண்டங்கள்தாம் விலகின.

பனியும் பஞ்சமும்

1864 ஆம் ஆண்டு கல்கத்தாப் புயலைப் பற்றி அறிக்கை எழுதியவர்களுள் இவரும் ஒருவர். 1867 இல் வங்காள அரசின் வானிலை அறிக்கையாளராகவும், 1875 இல் புதிதாகத் தோன்றிய இந்திய வானிலைத் துறையின் தலைவராகவும் அமர்த்தப்பட்டார். அடுத்த ஆண்டே பெரும் பஞ்சம் தொடங்கியது. 1876–78 இல் மதுரை உள்ளிட்ட சென்னை மாகாண மாவட்டங்களில் மக்கள் பெருந்தொகையில் மாண்டனர். 1877 இல் பருவமழை பொய்த்ததை அடுத்து, மழையை முன்கூட்டியே கணித்துத் தருமாறு அரசு இவரைக் கேட்டது.

இமயத்தில் பனி மிகுதியாகவும் காலந்தாழ்ந்தும் பெய்த ஆண்டுகளில் வறண்ட மேல்காற்று வீசிப் பருவமழை குன்றுவதை இவர் கண்டார். 1882 முதல் சோதனை முறையில் முன்கணிப்புகளை அளித்தார். 1884 இல் தம் கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். முறையான முன்கணிப்பு வரிசையின் முதலாவது ஜூன் 4, 1886 அன்று வெளியானது.

இம்முன்கணிப்பு தென்மேற்குப் பருவமழைக்கு மட்டும் உரியது. மதுரையை அடுத்த ஆனையூர் போன்ற ஊர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே கூடுதல் நீர் தருவதால், அங்குள்ள உழவருக்கு இதன் நேரடிப் பயன் குறைவு. பனிக்கும் மழைக்கும் உள்ள தொடர்பும் எல்லா ஆண்டுகளிலும் பொருந்தவில்லை. 1904 இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் உலகின் பிற பகுதிகளின் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கணித்தார். செயற்கைக்கோள் படங்கள் கிடைத்தபின், 1976 இல் ஹான், சுக்லா ஆகியோர் யூரேசியப் பனிப்பரப்பைக் கொண்டு பிளான்போர்டின் கருத்தை மீண்டும் ஆய்வுக்குக் கொணர்ந்தனர்.

பிளான்போர்ட் 1880 இல் அரச கழக உறுப்பினரானார். 1888 இல் இந்தியாவை விட்டுச் சென்றார். இந்தியா, இலங்கை, பர்மா ஆகியவற்றின் காலநிலை பற்றிய இவரது நூல் 1889 இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் போக்ஸ்டோன் நகரில் இறந்தார்.