திக்கற்ற பிள்ளைகட்குத் தந்தையான பெஸ்டலாஜியார்

அறங்கள் பலவற்றுள்ளும் கல்வியறமே தலைசிறந்ததென்பது நம் முன்னோர் துணிபு. அதனைப் பெற்றோரும் பொருளும் இல்லாப் பிள்ளைகட்குச் செய்தல் இரட்டிப்புச் சிறப்புடைத்து. அவ்வறத்துக்கே தம் வாழ்நாளை ஒப்புவித்து, எடுத்த காரியம் பலவற்றிலும் தோல்வியே கண்டு, ஆயினும் உலகம் போற்ற நின்ற பெரியார் ஒருவர் வரலாற்றை இம்மாதம் நம் அன்பர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். ஆசிரியத் தொழில் பயின்றார் யாவரும் அவர் பெயரை அறிவர். அவர் பட்ட பாட்டை அறிந்தார் சிலரே. ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பெஸ்டலாஜியாரே அப்பெரியார்.

இவர் 1746-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி ஜூரிச் நகரிற் பிறந்தார். வைத்தியராயிருந்த தந்தையார் 1751-இல் உலக வாழ்வை நீத்தார். அப்போது பிள்ளைக்கு வயது ஐந்து. இறக்குந் தறுவாயில் அவர் வீட்டுப் பணிப்பெண்ணை அழைத்துத் தம் குடும்பத்தைக் கைவிடாதிருக்குமாறு வேண்டினர். பாபெலி என்னும் அந்நல்லாள் கொடுத்த வாக்குத் தவறாது, தாயாருக்கு உறுதுணையாய் நின்று, சிறு வருவாயைச் செட்டாகச் செலவிட்டுப் பிள்ளைகளை ஆளாக்கினாள். பாட்டனார் அயற் கிராமமொன்றிற் கிறித்தவ குருவாயிருந்தார். அவருடன் ஏழைகளின் குடிசைகட்குச் சென்றுவந்த சிறுவர், கிராமத்தாரின் வறுமையை இளமையிலேயே கண்ணாரக் கண்டார்.

1769-இல் அன்னா அம்மையாரை மணந்து, பிர் என்னும் ஊரருகே நிலம் வாங்கிப் பயிர்த்தொழிலில் இறங்கினர். அவ்விடத்துக்கு நொய்ஹோப் என்று பெயர். பயிர்த்தொழில் பலிக்கவில்லை, கடனே மிகுந்தது. அந்நிலையிலும் 1774-இல், தெருவிற் பிச்சை எடுத்துத் திரிந்த பிள்ளைகளைத் தம் இல்லத்திற் சேர்த்துக்கொண்டார். அவர்கள் வயல்வேலை செய்தும் பஞ்சு நூற்றும் வந்ததோடு, எழுத்தும் கணக்கும் கற்றனர். 1778-இல் அப்பிள்ளைகள் முப்பத்தெழுவர்.

பிள்ளைகளின் உழைப்பால் வரும் ஊதியமே இல்லத்தைத் தாங்கும் என அவர் நம்பினர். அது பிழையாயிற்று. பழகாத கைகள் நூற்ற நூல் சந்தையில் விலைபோகவில்லை. சில பெற்றோர், பிள்ளைக்குப் புதுத்துணி கிடைத்ததும் அழைத்துக்கொண்டு போய்விட்டனர். பெஸ்டலாஜியாருக்கோ வரவுசெலவு பார்க்கும் திறமை சிறிதும் இல்லை. மனைவியாரின் பொருளும் கரைந்தபின், 1780-இல் இல்லம் மூடப்பட்டது. பித்தர் என ஊரார் நகைத்தனர்.

பிழைப்பின் பொருட்டு எழுதுகோல் எடுத்தார். 1781-இல் வெளிவந்த 'லீன்ஹார்டும் கெர்ட்ரூடும்' என்னும் கிராமக் கதை பெரும்புகழ் தந்தது. ஆயினும் அவர் வேண்டியது புகழன்று, பிள்ளைகளே. அவ்வாய்ப்பு மீண்டும் கிட்டியபோது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

1798 செப்டம்பரில், புதிய அரசியல் முறையை ஏலாது எதிர்த்த ஸ்டான்ஸ் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிரெஞ்சுச் சேனை தாக்கி அழித்தது. பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்தனர். அவர்களைப் பேணுமாறு அரசாங்கத்தார் பெஸ்டலாஜியாரை அனுப்பினர். கன்னிமாடமொன்றின் பகுதியில், வேலை முற்றுப்பெறாத அறைகளில், 1799 ஜனவரி 14-ஆம் தேதி இல்லம் திறக்கப்பட்டது. எண்பது பிள்ளைகள் வரை சேர்ந்தனர். சிரங்கும் பேனும் பிடித்து, எலும்பும் தோலுமாய் வந்தவர் பலர். துணைக்கு இருந்தவள் வீட்டுவேலைக்காரி ஒருத்தியே. அவரே ஊட்டினார், கழுவினார், கற்பித்தார். இரவில் அவர்கள் நடுவே துயின்றார். போதிய புத்தகங்கள் இல்லாமையின், கண்ணெதிரே உள்ள பொருள்களைக் கொண்டே பாடம் நடத்தினர். மூத்த பிள்ளைகள் இளையாருக்குச் சொல்லிக்கொடுத்தனர்.

அவ்வூரார் கத்தோலிக்கர்; இவரோ சீர்திருத்தச் சபையினர்; அழித்த கட்சியாரால் அனுப்பப்பட்டவர் வேறு. ஆதலின் ஊரார் ஐயுற்றனர். அவர் அதற்கு மறுமொழி கூறாது, தம் பணியையே செய்துவந்தார்.

அவ்வாண்டு வசந்த காலத்தில், அடுத்த நாட்டு ஆல்ட்டார்ப் நகரம் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாஜியார் தம் பிள்ளைகளைக் கூட்டி, அங்கே வீடிழந்து நிற்கும் குழந்தைகளுள் இருபதின்மரை இங்கே அழைக்கலாமோ என்று வினவினார். அழைத்தால் உணவு குறையும், உழைப்பு மிகும், உடையையும் பங்கிட நேரும் என்பதனையும் மறையாது கூறினார். சில திங்கள் முன்புவரை பட்டினி கிடந்த அப்பிள்ளைகள், ஒருவாய்ப்பட அழைக்குமாறே வேண்டினர். இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளம் உருகுகின்றது. நூல் பல ஓதியும் எய்தலரிய கல்வியை ஐந்து திங்களுக்குள் அவர்கள் எய்திவிட்டனர்.

1799 ஜூன் 8-ஆம் தேதி, சேனையின் மருத்துவமனைக்கென அக்கட்டடம் கொள்ளப்பட, ஸ்டான்ஸ் இல்லமும் முடிவுற்றது. பின்னர்ப் பர்க்டார்பிலும் இவர்தோனிலும் அவர் நடத்திய பள்ளிகளைக் காண ஐரோப்பா முழுதினின்றும் அறிஞர் வந்தனர். குழந்தைத் தோட்டம் கண்ட பிரோபலும் அங்கே பயின்றவரே. அப்புகழினிடையும், 1818-இல் தம் நூல்களின் பதிப்பால் வந்த பொருளை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கே ஈந்தார். ஆசிரியர்தம் பூசலால் 1825-இல் இவர்தோன் பள்ளியும் மூடப்பட, நொய்ஹோப்புக்கே மீண்டு, 1827 பிப்ரவரி 17-ஆம் தேதி இயற்கை எய்தினார். 1946-இல் ட்ரோகன் என்னுமிடத்தில், போரிற் பெற்றோரை இழந்த பல நாட்டுக் குழந்தைகட்கென எழுந்த சிற்றூர் அவர் பெயரையே பூண்டது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கன இரண்டு. அறத்துக்கு அன்பு மட்டும் போதாது. கணக்கறிந்து நடத்துவாரும், ஆண்டுதோறும் தவறாது ஈவாரும் வேண்டும். நொய்ஹோப் இல்லம் வீழ்ந்தது இக்குறையாலேயே. மற்றொன்று, நம் சங்கத்தார் சிறப்பாக எண்ணத்தக்கது. நம்மவர் பிள்ளைகட்கு நாம் உதவுதல் கடனே. அதனை யாரும் மறுக்கார். ஆனால் நம் ஊர்க்கோடியிலே வேறு குலத்துப் பிள்ளையொன்று தாய்தந்தையின்றி நிற்குமாயின், நம் நிதியில் அதற்கும் ஒரு பங்கு உண்டோ என்னும் கேள்வி எழாமற் போகாது. ஆண்டுக் கூட்டத்தில் அக்கேள்வி வரும்பொழுது, ஸ்டான்ஸ் பிள்ளைகள் கூறிய விடையை அன்பர்கள் நினைவுகூர்வார்களாக.