இரண்டாம் அசூர்நசிர்பால்: படையெடுப்பும் புனித மரமும்

கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசிரியாவின் எழுச்சிக்கு வழிவகுத்த மன்னர்களுள் இரண்டாம் அசூர்நசிர்பால் குறிப்பிடத்தக்கவர். தந்தை இரண்டாம் துக்குல்தி-நினுர்தாவுக்குப்பின் கி.மு. 883இல் அரியணை ஏறிய இவர், மத்தியதரைக் கடல்வரை படைநடத்தித் திறை கொண்டார். பகைவர்க்கு இழைத்த கொடுமைகளைத் தம் கல்வெட்டுகளிலேயே பெருமிதத்துடன் பொறித்தமையால் கொடுங்கோலர் என்னும் பெயரே இவருக்கு நிலைத்தது. இவர்தம் அரண்மனைப் புடைப்புச் சிற்பங்களோ இவரைச் சமயச் சடங்கின் நடுவே நிறுத்துகின்றன.

தலைநகரை அசூரிலிருந்து கல்ஹுவுக்கு (இன்றைய நிம்ருத்) மாற்றிய இவர், அங்கு வடமேற்கு அரண்மனையை எழுப்பினார். அதன் தொடக்க விழாவில் 69,574 பேர் பத்து நாள் விருந்துண்டதாக இவர் நாட்டிய கல் கூறுகிறது.

அரியணைக்குப் பின்புறச் சுவரில், புனித மரத்தின் இருபுறமும் மன்னர் உருவம் இடம்பெறுகிறது. மரத்தின் மேலே சிறகுடைய வட்டத்துள் தெய்வ வடிவம் உள்ளது. மன்னருக்குப் பின்னே சிறகுடைய காவலர் கூம்பும் சிறுவாளியும் ஏந்தி நிற்கின்றனர். இக்காட்சியைப் பேரீச்சையின் மகரந்தச் சேர்க்கையாக எ. பி. டைலர் 1890இல் விளக்கினார். ஆயின் கூம்பு மரத்தை மட்டுமன்றி மன்னரையும் வாயில்களையும் நோக்கி நீட்டப்படுகிறது. அக்காதியச் சடங்கு நூல்களும் இத்தகைய காவல் உருவங்களின் கைக்கருவியைத் தூய்மையாக்கி எனப் பொருள்படும் பெயரால் சுட்டுகின்றன. எனவே இதனைத் தூய்மைச் சடங்காகவும் காப்புச் சடங்காகவும் கொள்வதே பொருந்தும்.

சிற்பப் பலகைகள் பலவற்றில் இக்காவலரின் உடல்மீதே வெற்றிகளைக் கூறும் கல்வெட்டு ஓடுகிறது. அதன் தொடக்கத்தில் மன்னர் தம்மை அசூர் தெய்வத்தின் பிரதிநிதியாகவே குறிக்கிறார். ஆகவே போரையும் வழிபாட்டையும் இவர் வாழ்வின் இருவேறு கூறுகளாகப் பிரித்தல் ஏலாது. படையெடுப்பையும் தெய்வப்பணியாகக் காட்டுவதே இவ்வரண்மனையின் நோக்கமாகும். கி.மு. 859இல் இவர் மறைந்தபின், மகன் மூன்றாம் சல்மனேசர் ஆட்சி ஏற்றார்.