முற்றத்திற்கு வரும் விருந்தினர்

கொல்லைப்புறத்தில் வந்தமரும் காக்கையையோ மைனாவையோ நண்பனாக்கிக் கொள்ள விரும்புபவர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. கை நீட்டினால் பறவை பறந்துவிடும். பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்முள் அடங்கும்வரை அது நம்மை நெருங்குவதில்லை. நாள்தோறும் ஒரே வேளையில் ஒரு பிடிச் சோறும் சிறிது நீரும் வைத்துவிட்டு, எதையும் எதிர்பாராமல் விலகி நிற்பவரையே அது மெல்ல மெல்ல நம்பத் தொடங்குகிறது. இந்த எளிய பாடத்தைத் தம் வாழ்க்கை நெறியாகவே கொண்ட மகான் ஒருவர் திருவனந்தபுரத்தில் தோன்றினார். அவரே சட்டம்பி சுவாமிகள்.

சுவாமிகள் 1853-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25-ஆம் நாள் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஐயப்பன் என்பது இயற்பெயர். வீட்டில் குஞ்ஞன் என்று அழைத்தனர். பேட்டை ராமன் பிள்ளை ஆசானின் பள்ளியில் மாணவர் தலைவராக இருந்ததால் சட்டம்பி என்ற பெயர் நிலைத்தது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை என்ற சொல்லும் இதுவே. வறுமை காரணமாக, அந்நாளில் எழுந்துகொண்டிருந்த அரசுத் தலைமைச் செயலகக் கட்டடத்திற்கு மண் சுமந்து கூலி பெற்றார். பின்னர் அங்கேயே எழுத்தராகவும் சில காலம் பணிபுரிந்தார். தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் யோகமும், கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளிடம் சாஸ்திரங்களும் பயின்றார். 1892-ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் சுவாமி விவேகானந்தர் அவரைச் சந்தித்துச் சின்முத்திரையின் பொருளைக் கேட்டறிந்தார் என்பது அன்பர்கள் அறிந்ததே.

பசியையும் சுமையையும் தாமே அனுபவித்து அறிந்த சுவாமிகளுக்கு, வாயில்லா உயிர்களின் துன்பம் அயலாகத் தோன்றவில்லை. எறும்புகளையும் உறவினரைப் போல அழைத்து உணவளிப்பார் என்றும், பாம்பும் அவர்முன் சினம் தணிந்து சென்றது என்றும் அவரை அறிந்தோர் கூறிச் சென்றனர். செல்வாக்குமிக்க ஒருவர் விருந்துக்கு அழைத்தபோது, தம் சீடர்களுக்கும் இலையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தெருநாய்களை அழைத்து வந்தார் என்பதும், அவை சண்டையின்றி வரிசையாக அமர்ந்து உண்டன என்பதும் கேரளத்தில் இன்றளவும் வழங்கும் நிகழ்ச்சி. இவற்றைச் சித்து என்று வியந்து நிறுத்திவிடுவது எளிது. ஆயினும் சுவாமிகளிடம் அச்சமும் இல்லை, ஆசையும் இல்லை. அவை இல்லாத இடத்தில் உயிர்கள் அஞ்சி ஓடக் காரணமும் இல்லை.

இந்தக் கருணை விலங்குகளோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் சிறப்பாகக் கருத வேண்டும். முன்னோரை நினைந்து காக்கைக்குச் சோறிட்ட கைகளே, பிறப்பைக் காரணம் காட்டிச் சக மனிதரைத் தெருவிலிருந்து விலக்கிய காலம் அது. காக்கை தடையின்றிப் பறந்து திரிந்த கோயில் வீதிகளில் மனிதர் பலர் கால் வைக்க இயலவில்லை. கொல்லாமையை வலியுறுத்தி ஜீவகாருண்ய நிரூபணம் எழுதிய அதே சுவாமிகள், வேதம் கற்க அனைவருக்கும் உரிமை உண்டு என்று நிறுவ வேதாதிகார நிரூபணத்தையும் எழுதினார். அவருக்கு இரண்டும் ஒரே தர்மத்தின் இரு கிளைகள்.

காவி உடுத்தாமல் எளிய வெண்ணிற ஆடையிலேயே வாழ்ந்த சுவாமிகள், 1924-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் கொல்லத்திற்கு அருகிலுள்ள பன்மனையில் மகாசமாதி அடைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மார்ச் 30-ஆம் நாள், கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் சத்தியாகிரகம் தொடங்கியிருந்தது. திருவிதாங்கூரில் ஆலயக் கதவுகள் அனைத்து இந்துக்களுக்கும் திறக்க 1936-ஆம் ஆண்டு நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் முற்றத்தில் நாளை ஒரு பறவை வந்து அமரலாம். அதற்கு ஒரு பிடி உணவு வைப்போம். அது அஞ்சாமல் உண்ணும் அளவுக்கு நம் மனம் அமைதி பெறட்டும். அந்த மனத்தோடு வாசற்புறமும் சென்று, அங்கே தயங்கி நிற்கும் மனிதரையும் உள்ளே அழைப்போம். சுவாமிகளுக்கு நாம் செய்யத்தக்க வழிபாடு அதுவே.