இரு கல்வி கற்ற பெருமகன்: வி. கே. கிருஷ்ண மேனன் அவர்களின் வாழ்க்கை

உயர்தர வகுப்பை முடித்து வெளியேறும் மாணவர், இனி எதனைக் கற்பது என்று தடுமாறுதல் எக்காலத்தும் உள்ளதே. நாடுகளுக்கிடையேயுள்ள உறவுகளை ஆராயும் கல்வியும் சட்டக் கல்வியும் இன்று எம் மாணவர் சிலரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ளன. ஆஸ்திரேலியா முதலிய நாடுகளிலே இவ்விரண்டையும் ஒருங்கே பயின்று, ஐந்தாண்டு அளவில் இரு பட்டங்கள் பெறும் வாய்ப்பும் உண்டு. ஊரிலுள்ள பெற்றோரோ, இரண்டு தோணியிற் கால் வைத்தல் தகுமோ என ஐயுறுகின்றனர். இவ்வையத்துக்கு வெறும் வாதத்தால் விடை கூறுவதினும், இவ்விரு கல்வியையும் தேடிக் கற்று, அவற்றைக் கொண்டே உலக அரங்கில் நின்ற ஒருவரின் வாழ்க்கையை எடுத்துரைத்தல் நலமென நாம் கருதுகின்றோம். அவரே வேங்கலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன்.

மேனன் அவர்கள் 1896ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள் மலையாள நாட்டிலே பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற வழக்கறிஞர். ஆகலின் சட்டம் அவருக்கு வீட்டுச் சொத்தெனவே அமைந்தது. கோழிக்கோட்டிலே சாமூதிரி கல்லூரியிற் பயின்ற பின்னர், சென்னை மாநிலக் கல்லூரியிலே வரலாறும் பொருளியலும் கற்றார். அதன்பின் சென்னைச் சட்டக் கல்லூரியிற் சேர்ந்தாராயினும், அவருடைய மனம் அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலேயே பெரிதும் ஈடுபட்டது. அம்மையாரின் தொண்டர் குழுவிலே பணியாற்றி, அவருடைய ஆதரவுடன் 1924இல் இங்கிலாந்து சென்றார். சிறிது காலம் தங்கித் திரும்ப எண்ணிச் சென்றவர், ஏறத்தாழ முப்பதாண்டுகள் ஆங்கே வாழ்ந்தார்.

அக்காலத்திலே நாடுகளின் உறவை ஆராயும் கல்வி இளங்கன்றாகவே இருந்தது. முதலாம் உலகப் போரின் அழிவைக் கண்ட அறிஞர், இத்தகைய போர் மீண்டும் மூளாதிருக்க வழி தேடியதன் பயனாக, 1919ஆம் ஆண்டிலே வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் நகரில் இக்கல்விக்கென முதற் பேராசிரியர் பதவி ஏற்படுத்தப்பட்டது. இலண்டன் பொருளியற் கல்லூரியிலும் சில ஆண்டுகளில் அத்தகைய பதவி உண்டாயிற்று. மேனன் அவர்கள் நாடிச் சென்றதும் அக்கல்லூரியையே. ஆங்கு ஹரோல்ட் லாஸ்கி என்னும் பேராசிரியரின் மாணாக்கராய் அமர்ந்து, அரசு என்பது யாது, அதன் அதிகாரம் எங்கிருந்து பிறக்கின்றது, ஒரு நாடு இன்னொரு நாட்டை ஆள உரிமை உண்டோ என்னும் வினாக்களை ஆராய்ந்தார். 1927இல் முதல் வகுப்பிற் பட்டம் பெற்றார். 1930இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் உளவியலில் முதுகலைப் பட்டமும், 1934இல் மீண்டும் பொருளியற் கல்லூரியில் அரசியலில் முதுநிலைப் பட்டமும் அவருக்குக் கிடைத்தன. அதே 1934ஆம் ஆண்டிலேயே மிடில் டெம்பிள் என்னும் சட்டச் சங்கத்தினூடாகப் பாரிஸ்டரும் ஆனார். இவ்வாறு அரசியற் கல்வியும் சட்டக் கல்வியும் ஓராண்டிலேயே அவரிடத்து நிறைவெய்தின.

இக்கல்வி வளமான வாழ்வின் நடுவே பெற்றதன்று. பொருள் முட்டுப்பாடும் நோயும் அவரைத் தொடர்ந்து வருத்தின. தேநீரும் பணிசுமே பல நாளில் அவருக்கு உணவு. ஆயினும் கற்றதைக் கைப்பொருளாக்கிச் செல்வம் ஈட்டும் எண்ணம் அவருக்கு எழவில்லை. இந்தியா லீக் என்னும் கழகத்தின் செயலாளராக நின்று, இந்திய விடுதலையின் நியாயத்தைப் பிரித்தானிய மக்களுக்கே எடுத்துரைத்தார். 1932இல் பிரித்தானியர் சிலர் அடங்கிய தூதுக் குழுவொன்றை இந்தியாவுக்கு அழைத்துச் சென்று, ஆங்கு நிகழ்ந்த அடக்குமுறையைப் பற்றி விரிவான அறிக்கை வெளிவரச் செய்தார். உணர்ச்சிப் பேச்சிலும் சாட்சியமே வலிது என்னும் பாடம் சட்டக் கல்வியால் வந்தது; எந்தச் சாட்சியத்தை எந்த நாட்டவர் முன் வைப்பது என்னும் பாடம் அரசியற் கல்வியால் வந்தது. இவற்றோடு, எளியோரும் வாங்கத்தக்க விலையில் அறிவு நூல்களை வெளியிட்ட பெலிக்கன் வரிசையின் தொடக்க காலப் பதிப்பாசிரியர்களுள் ஒருவராகவும் விளங்கினார். இலண்டனில் சென் பாங்கிராஸ் என்னும் பகுதியின் நகரசபை உறுப்பினராக 1934 முதல் 1947 வரை இருந்து, ஆங்குள்ள நூலகங்களை வளர்த்தார்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றதும், இலண்டனில் இந்தியாவின் முதல் உயர்ஸ்தானிகராக நேரு அவர்கள் மேனனையே நியமித்தார். அப்பொழுது எழுந்த சிக்கல் ஒன்று அவருடைய இரு கல்விக்கும் உரைகல்லாயிற்று. இந்தியா குடியரசாகத் துணிந்தது. பொதுநலவாயமோ பிரித்தானிய முடிக்கு விசுவாசம் உடைய நாடுகளின் கூட்டமாக இருந்தது. முடியை ஏற்காத நாடு அக்கூட்டத்தில் இருத்தல் எங்ஙனம்? மன்னரை ஆள்பவராக அன்றி, சுதந்திர நாடுகளின் கூட்டுறவுக்கு அடையாளமாக ஏற்கலாம் என்னும் வழி கண்டறியப்பட்டது. 1949 ஏப்ரலில் இலண்டனிற் கூடிய பிரதமர்கள் அதனை ஏற்றனர். எமது நாட்டின் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கா அவர்களும் அம்மாநாட்டில் இருந்தார். அவ்வழியை உருவாக்கியதில் மேனனுக்குப் பெரும் பங்குண்டு. 1972இல் இலங்கை குடியரசாகியும் பொதுநலவாயத்தில் நீடித்தமை அன்று திறந்த வாயிலாலேயே என்பதை எம் மாணவர் அறிதல் வேண்டும்.

1952 முதல் ஐக்கிய நாடுகள் சபையில் அவர் ஆற்றிய பணி இன்னும் பெரிது. கொரியப் போர் அப்பொழுது போர்க் கைதிகளின் பொருட்டே முடிவுறாது நீண்டது. போர் ஓய்ந்ததும் கைதிகளைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புதல் வேண்டும் என்பது 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் விதி. சீனாவும் வட கொரியாவும் அவ்விதியைப் பற்றி நின்றன. திரும்ப விரும்பாத கைதியைப் பலவந்தமாக அனுப்பலாகாது என்று அமெரிக்கா மறுத்தது. மேனன் அவர்கள் விதியையும் மறுக்காமல், கைதியின் விருப்பத்தையும் மிதிக்காமல் ஓர் ஏற்பாட்டை வரைந்தார். நடுநிலை நாடுகளின் ஆணைக்குழுவொன்று கைதிகளைப் பொறுப்பேற்கும். திரும்புவதற்கோ திரும்பாதிருப்பதற்கோ எவர் மீதும் பலம் பிரயோகிக்கப்படலாகாது. 1952 டிசெம்பரில் பொதுச் சபை அதனை ஏற்றது. சோவியத் நாடும் சீனாவும் முதலில் அதனைத் தள்ளினவேனும், 1953 ஜூனில் ஏற்பட்ட கைதிகள் உடன்பாடு பெரும்பாலும் அவ்வடிவிலேயே அமைந்தது. ஜூலை 27ஆம் நாள் போர் ஓய்ந்தது. நடுநிலை ஆணைக்குழுவுக்கு இந்தியாவே தலைமை தாங்கிற்று. விதியை மாத்திரம் அறிந்தவர் அங்கே வழக்காடியிருப்பர். நாடுகளின் மனநிலையை மாத்திரம் அறிந்தவர் சமாதானம் வேண்டி மன்றாடியிருப்பர். இரண்டையும் அறிந்தவர், இரு தரத்தாரும் முகம் இழவாது கையெழுத்திடத்தக்க வாசகத்தை எழுதினார். 1954இல் இந்தோசீனா பற்றிய ஜெனீவா மாநாட்டிலும், அழைக்கப்பட்ட பிரதிநிதியாக இல்லாதிருந்தும், எதிரெதிர்த் தரத்தாரிடையே சென்று பேசிப் பயன் விளைத்தார்.

பெரியோர் வரலாறு கூறுவோர் குணத்தோடு குறையையும் கூறுதல் கடன். உயர்ஸ்தானிகராக இருந்த காலத்தில், இராணுவத்துக்கு ஜீப் வண்டிகள் வாங்கியதில் உரிய நடைமுறையைக் கைக்கொள்ளவில்லை என்னும் பழி அவரைச் சூழ்ந்தது. 1956இல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் எகிப்தின் உரிமைக்காக வாதிட்ட அவர், அதே ஆண்டில் ஹங்கேரி நாட்டிற் சோவியத் படை புகுந்தபோது, ஆங்கு ஐக்கிய நாடுகளின் மேற்பார்வையில் தேர்தல் நடத்தக் கோரிய தீர்மானத்துக்கு எதிராக வாக்களித்தார். ஒரே விதியை இரு நாடுகளுக்கு இரு விதமாய் அளந்தார் என்று உலகம் அவரைக் குறை கூறிற்று. அக்குறையை நாமும் மறுப்பதற்கில்லை. 1957 ஜனவரியில் காஷ்மீர் பற்றிப் பாதுகாப்புச் சபையிலே இரண்டு நாட்களில் ஏறத்தாழ எட்டு மணி நேரம் உரையாற்றி, இடையே மயங்கியும் விழுந்தார். அச்சபையின் வரலாற்றிலே அதுவே மிக நீண்ட உரை. இந்திய மக்கள் அதனைக் கொண்டாடினர்; ஆயினும் அந்நெடிய வாதத்தால் சபையின் பெரும்பான்மையோரை அவரால் தம் பக்கம் திருப்ப முடியவில்லை.

1957 ஏப்ரலில் அவர் இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சரானார். 1962 அக்டோபரிலே சீனப் படைகள் இமய எல்லையைக் கடந்தபோது, இந்தியப் படைவீரர் பலர் பனிக்கேற்ற உடையும் போதிய கருவியும் இன்றி நின்றனர். சீனாவிடமிருந்து பெரும்போர் வாராது என்று அவரும் நேருவும் கொண்ட மதிப்பீடு பொய்த்தது. நாட்டின் சினம் மேனன் மீது திரும்பிற்று. நவம்பரில் அவர் அமைச்சரவையை விட்டு நீங்கினார். படைத் தலைவர்களோடு அவர் கொண்ட பிணக்கும், பிறரைப் புண்படுத்தும் அவருடைய கூரிய நாவும் அவ்வீழ்ச்சியை விரைவுபடுத்தின. கற்றறிந்தவரும் தம் கருத்துக்கு மாறானதைக் கேட்கும் பொறுமை இழப்பின், அக்கல்வி உரிய காலத்தில் துணை செய்யாது என்பதே இதிற் பெறும் பாடம்.

வீழ்ச்சியின் பின்னரும் அவர் முடங்கியிருக்கவில்லை. இளமையிற் கற்ற சட்டம் முதுமையில் அவருக்குக் கைகொடுத்தது. இந்திய உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நின்று, நீதிமன்ற அவமதிப்புக் குற்றஞ் சாட்டப்பட்ட கேரள முதலமைச்சர் ஈ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அவர்களுக்காகவும் வாதாடினார். 1969இலும் 1971இலும் கட்சி சாராதவராகவே நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 1974 அக்டோபர் 6ஆம் நாள் டில்லியிலே காலமானார். அவர் தலைவராயிருக்க 1959இல் நிறுவப்பட்ட இந்தியச் சர்வதேசச் சட்டச் சங்கம் இன்றும் டில்லியில் இயங்குகின்றது. தாம் இலண்டனில் அரிதின் முயன்று இணைத்துக் கற்றதை, இளைஞர் தம் நாட்டிலேயே கற்க வழி செய்தமையே அவருடைய கொடைகளுள் நிலைத்தது என்போம்.

இப்பெருமகனின் வாழ்க்கை, அக்கராயன் குளத்து நீரை நம்பி வயல் செய்யும் எம் மக்களுக்கு எவ்வாற்றால் உரியது என்று சிலர் வினவக்கூடும். எம் மண்ணிலேயே விடை உண்டு. சிறுபோகம் தொடங்குமுன் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை எண்ணுக. குளத்திலே எவ்வளவு நீர் உண்டு, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் நீர் என்பனவெல்லாம் ஆங்குத் தீர்மானிக்கப்படுகின்றன. விதியை மாத்திரம் படித்தவரால் அக்கூட்டத்தை நடத்த முடியாது. அயலாரின் தேவையும் மனமும் தெரிதல் வேண்டும். அயலாரை மாத்திரம் அறிந்தவராலும் முடியாது. தீர்மானம் எழுத்தில் நின்றாலன்றிக் கடைவயற்காரனுக்கு நீர் போய்ச் சேராது. நாடுகளின் கூட்டமும் இத்தன்மையதே.

எம் மக்களின் வாழ்வைத் தீர்மானித்தவற்றை நோக்குவோமாயின் இது மேலும் தெளிவாகும். கிளிநொச்சி மாவட்டத்திலே மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் களனியாக்கி வாழும் குடும்பங்கள் பல உள. அவர்தம் முன்னோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்த ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். குடியுரிமையின்றி எஞ்சியோருக்கு முடிவான தீர்வு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிடைத்தது. ஒரு சட்டம் தொடங்கிய துன்பத்தை ஓர் ஒப்பந்தம் நீட்டிற்று. இன்னொரு சட்டம் முடித்தது. வடகடலிலே இழுவைப் படகுகளால் வலையிழக்கும் மீனவனின் முறைப்பாடு, 1974இலும் 1976இலும் வரையப்பட்ட கடல் எல்லையில் வந்து முட்டுகின்றது. போரின் பின் எம் வயல்களிலும் பற்றைகளிலும் புதைந்து கிடந்த மிதிவெடிகளை எண்ணுக. அவற்றைத் தடை செய்யும் உலக உடன்படிக்கை 1997இல் எழுந்தது. இலங்கை அதிற் சேர்ந்தது 2017 டிசெம்பரில். இருபதாண்டுத் தாமதம் ஏட்டில் ஒரு வரி. கால் இழந்த உழவனுக்கோ அது வாழ்நாள் முழுவதும்.

இவ்வொப்பந்தங்கள் எழுதப்பட்ட அறைகளிலே வன்னி மண்ணின் வாழ்வை அறிந்தவர் எத்தனை பேர் இருந்தனர் என்பதே நாம் எழுப்பும் வினா. அவ்வறைகளுக்குள் நுழையும் தகுதி கல்வியால் வருவது. நுழைந்தபின் எமக்காகப் பேசும் வலிமை, உலகையும் சட்டத்தையும் ஒருங்கே அறிந்தமையால் வருவது. கொழும்புப் பல்கலைக்கழகத்திலே இவ்விரு துறைகளும் உள; யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் கற்பிக்கப்படுகின்றது. இரு பட்டங்களை ஒரே காலத்திற் பெற இயலாதார், ஒன்றை முடித்து மற்றதைத் தொடரலாம். மேனன் அவர்களும் பல ஆண்டுகள் வறுமையோடு பொருதியே இரண்டையும் பெற்றார்.

ஆதலின் பெற்றோரே, இவ்வழியை நாடும் பிள்ளைகளை இரண்டு தோணியிற் கால் வைப்பவர் என்று தடுக்காதீர்கள். வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர்களே, இத்துறைகளை நாடும் எம் மாணவர் சிலருக்கேனும் நூலும் பொருளும் வழிகாட்டலும் உதவுங்கள். விழாக்காலத்து நன்கொடைகளுள் இதுவும் ஒன்றாகுக. மாணவர்களே, மேனனின் அறிவைக் கொள்ளுங்கள். அவருடைய உழைப்பைக் கொள்ளுங்கள். அவருக்கு வாய்க்காத பொறுமையையும் கூடவே தேடிக் கொள்ளுங்கள். இவை மூன்றும் கூடிய ஒருவர் எம் கல்லூரியிலிருந்து எழுவாராயின், இவ்விழாவின் பயன் முழுதும் கிட்டியதாகும்.