வில்லியம் லாம்டன்

வில்லியம் லாம்டன் (இறப்பு: 1823) பிரித்தானியப் படை அதிகாரியும் நில அளவையாளரும் ஆவார். இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவையைத் தொடங்கியவர். சிறு அளவுப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெரும் பிழையாவதைக் கட்டுப்படுத்த இவர் கையாண்ட முறைகள் குறிப்பிடத்தக்கவை.

வாழ்க்கைக் குறிப்பு

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் பிறந்தார். 33 ஆவது படைப்பிரிவில் சேர்ந்து அமெரிக்காவில் பணியாற்றினார். பின்னர் இந்தியா வந்து, 1799 இல் நடந்த நான்காம் மைசூர்ப் போரில் பங்கேற்றார். போருக்குப் பின், தீபகற்பத்தின் குறுக்கே முக்கோண அளவை நடத்தும் திட்டத்தை முன்வைத்து ஒப்புதல் பெற்றார்.

அடிக்கோடும் சங்கிலியும்

1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பகுதியில் சுமார் 7.5 மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பயன்பட்டது 100 அடி எஃகுச் சங்கிலி. இது 2.5 அடி நீளமுள்ள 40 கண்ணிகளால் ஆனது. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுசெல்லப்பட்டு ஏற்கப்படாமல் திரும்பிய கருவிகளுள் இதுவும் ஒன்று.

சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து அளக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் 0.01 அங்குலப் பிழை ஒரே பக்கமாக நேர்ந்தால் மொத்தப் பிழை 4 அங்குலமாகும். அதே பிழை கூடியும் குறைந்தும் தற்செயலாக நேர்ந்தால், 400 இன் வர்க்கமூலமாகிய 20 மடங்கு, அதாவது சுமார் 0.2 அங்குலமே எதிர்பார்க்கப்படும். ஆகவே ஒரே பக்கமாகச் சேரும் பிழைகளே ஆபத்தானவை. வெப்பத்தால் எஃகு நீள்வதும் கண்ணிகளின் மூட்டுகள் தேய்வதும் இவ்வகையின. வெப்பநிலையை ஒரு பாகை பாரன்ஹீட் தவறாகக் கொண்டாலே முழு நீளத்தில் சுமார் 3 அங்குலம் மாறும். எனவே சங்கிலி நிழலில் மரப்பெட்டிகளுள் வைக்கப்பட்டு, வெப்பமானிகள் பார்க்கப்பட்டன. தேய்மானத்தை அறிய அது மற்றொரு சங்கிலியுடன் ஒப்பிடப்பட்டது.

இக்காலத்தில் பல உறுப்புகளை இணைத்துப் பொறிகளைக் கட்டுவோர், உறுப்புகளுக்கு அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடுகள் (டாலரன்சு) எவ்வாறு சேரும் என்பதை இவ்விரு கணக்குகளாலேயே மதிப்பிடுகின்றனர்.

சரிபார்ப்பு

அடிக்கோட்டுக்குப் பின் கோணங்கள் மட்டுமே அளக்கப்பட்டு, பக்கங்கள் கணிக்கப்பட்டன. இதனால் ஒரு முக்கோணத்தின் பிழை அடுத்ததற்குச் சென்றது. இதனைச் சோதிக்க இடையிடையே புதிய அடிக்கோடுகள் அளக்கப்பட்டன. 1804 இல் பெங்களூருக்கு அருகே 7 மைலுக்கு மேற்பட்ட கோட்டில், கணித்த நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் வேறுபாடு 3.7 அங்குலமே. தெற்கில் 1809 இல் பாளையங்கோட்டையிலும் அடிக்கோடு அளக்கப்பட்டது. சாயர்புரம், தூத்துக்குடி ஆகிய ஊர்கள் அடங்கிய பகுதி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்திலேயே இருந்தது.

தஞ்சாவூர் விபத்து

கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டு சுமார் அரை டன் எடையுடையது. 1808 இல் தஞ்சாவூரில் கோயில் கோபுரத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதியதால், அதன் கிடைவட்டம் உருக்குலைந்தது. லாம்டன் பலகையில் சரியான வட்டத்தை வெட்டி, திருகுகளாலும் ஆப்புகளாலும் கருவியின் வளைவை அதற்கேற்ப இழுத்துச் சீராக்கினார். இதற்குச் சுமார் ஆறு வாரங்கள் ஆயின. பிற்காலத்தில் ஹென்றி பாரோ என்பவர் இக்கருவியைப் புதுப்பித்தார்.

இறுதிக்காலம்

1817 இல் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1818 இல் ஜார்ஜ் எவரெஸ்ட் இவருக்கு உதவியாளரானார். 1823 சனவரியில், பணிக்காக ஐதராபாத்திலிருந்து நாக்பூர் செல்லும் வழியில், இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் இறந்தார். எவரெஸ்ட் அளவையை இமயமலை அடிவாரம் வரை நீட்டித்தார். 1860களின் இறுதியில் குமரிமுனைக்கு அருகில் மேம்பட்ட கருவிகளால் புதிய அடிக்கோடு அளக்கப்பட்டது.