வலசைப் பறவைகளின் தோழர் சாலிம் அலி

பாட முன்னுரை

உணவும் தங்குமிடமும் தேடிப் பறவைகள் ஆண்டுதோறும் நெடுந்தொலைவு சென்று திரும்புவதை வலசை என்பர். அவை எங்கிருந்து வருகின்றன? எங்கே செல்கின்றன? சென்ற பறவையே மறு ஆண்டும் திரும்பி வருகின்றதா? இவ்வினாக்களுக்கு விடை காண இந்தியாவில் பெரிதும் உழைத்தவர் சாலிம் அலி. அவரது வாழ்க்கை வரலாறு இப்பாடத்தில் கூறப்படுகிறது.

இளமை

சாலிம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மும்பையில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் பம்பாய் என வழங்கப்பட்டது. பெரிய குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த அவர் ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமிருதீன் தயாப்ஜியும் பிள்ளைப் பேறு இல்லாத அத்தை ஒருவரும் அவரை அன்புடன் வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் விருப்பம் உடையவர். அவரைப் பார்த்துச் சிறுவனும் விளையாட்டுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளைச் சுட்டு மகிழ்ந்தான். ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் தீற்று ஒன்று காணப்பட்டது. இது மற்றக் குருவிகளைப் போன்றதன்றே என்னும் ஐயம் அவன் உள்ளத்தில் எழுந்தது. மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லர்டு என்பவரிடம் சிறுவனை அனுப்பினார்.

அயலவரான அந்த அலுவலரைக் காணச் சிறுவன் அஞ்சியபடியே சென்றான். அவரோ இன்முகத்துடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கினார். பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பலவகைப் பறவைகளையும் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். பறவைகளில் இத்தனை வகைகள் உண்டு என்பதை அன்றுதான் சிறுவன் அறிந்தான். அவனது வாழ்க்கை செல்லவேண்டிய திசை அன்றே தொடங்கிவிட்டது.

தடைகளும் பயிற்சியும்

பள்ளிப் படிப்பில் சாலிம் அலி சிறந்து விளங்கினார் என்று கூற இயலாது. அடிக்கடி வந்த தலைவலி அவரை வாட்டியது. கல்லூரியில் சேர்ந்தும் படிப்பைத் தொடராமல், குடும்பத் தொழிலுக்கு உதவியாக 1914ஆம் ஆண்டு பர்மாவுக்குச் சென்றார். அங்குச் சுரங்கத் தொழிலையும் மர வணிகத்தையும் கவனிக்க வேண்டியவர், காடுகளில் பறவைகளைக் கவனித்தார். மும்பைக்குத் திரும்பியபின் விலங்கியல் பயின்றார். 1918ஆம் ஆண்டு தெஹ்மினா என்பவரை மணந்தார்.

பறவையியலையே தொழிலாகக் கொள்ள விரும்பிய அவருக்குப் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமை பெருந்தடையாயிற்று. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் கிடைத்திருக்கக்கூடிய பணி அதனால் கைநழுவியது. 1926ஆம் ஆண்டு மும்பை அருங்காட்சியகத்தில், வருவோர்க்கு விளக்கம் அளிக்கும் பணி கிடைத்தது. ஆயினும், தமது அறிவு போதாது என்று உணர்ந்த அவர் 1928ஆம் ஆண்டு விடுப்பெடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினில் எர்வின் ஸ்ட்ரேசமன் என்னும் பறவையியல் பேராசிரியர் அவருக்கு ஆசிரியராக அமைந்தார்.

அக்காலத்தில் அவர் வடகடலில் உள்ள ஹெலிகோலாந்து என்னும் சிறு தீவிலும் பயிற்சி பெற்றார். கடலைக் கடந்து செல்லும் பறவைகள் அத்தீவில் இறங்கி இளைப்பாறும். அங்குள்ள ஆய்வு நிலையத்தார் அவற்றை ஊறு நேராவண்ணம் பிடித்து, காலில் எண் பொறித்த உலோக வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவர். அப்பறவை வேறொரு நாட்டில் மீண்டும் அகப்பட்டால், வளையத்தின் எண்ணைக் கொண்டு அதன் பயணத்தை அறியலாம். பறவையை அறிவதற்கு அதனைக் கொல்லவேண்டும் என்பதில்லை என்பதைக் காட்டிய முறை இது.

கிஹிம் கடற்கரை

1930ஆம் ஆண்டு தாயகம் திரும்பிய சாலிம் அலிக்கு ஏமாற்றமே காத்திருந்தது. பணப் பற்றாக்குறையால் அருங்காட்சியகப் பணி நீக்கப்பட்டிருந்தது. நகரத்தில் குடியிருக்கப் போதிய வருவாய் இல்லை. எனவே அவரும் தெஹ்மினாவும் மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினர்.

அவ்வீட்டின் அருகே இருந்த மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. வேலை இல்லாத அந்த மழைக்காலத்தில் சாலிம் அலி நாள்தோறும் மறைந்திருந்து அக்குருவிகளை உற்றுநோக்கினார். ஆண் குருவி கூட்டைப் பாதியளவே கட்டும். பெண் குருவி வந்து பார்த்து, பிடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளும். அதன்பின்னரே ஆண் குருவி கூட்டைக் கட்டி முடிக்கும். பெண் குருவி முட்டைகளை அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் குருவி வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை நாடும். இச்செய்திகளை அவர் கட்டுரையாக வெளியிட்டார். வேலையிழந்தவர் எழுதிய அக்கட்டுரை அவரைப் பறவையியல் அறிஞராக உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

பின்னர் ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணிகள் அவருக்குக் கிடைத்தன. தெஹ்மினா பல பயணங்களில் உடன் சென்று, கூடார வாழ்வின் இன்னல்களைப் பகிர்ந்துகொண்டார். 1939ஆம் ஆண்டு சிறிய அறுவை மருத்துவம் ஒன்றை அடுத்து அவர் எதிர்பாராமல் காலமானார். அத்துயரத்திலிருந்து சாலிம் அலி முழுமையாக மீளவே இல்லை. எனினும் பணியைக் கைவிடவில்லை. 1941ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல், பொதுமக்கள் பலரைப் பறவை நோக்குவோராக மாற்றியது.

வளையம் சொன்ன செய்தி

1957ஆம் ஆண்டு அன்றைய மைசூர் மாநிலக் காட்டுப் பகுதியில் குரங்குகள் மடிந்தன. மனிதர்க்கும் புதிய காய்ச்சல் ஒன்று பரவியது. அதனைப் பரப்பியவை உண்ணிகள் என்று அறியப்பட்டது. உருசியாவில் காணப்பட்ட நோய் ஒன்றை அது ஒத்திருந்தது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. இதனை ஆராய்வதற்கு முதலில் பறவைகளின் வழித்தடங்களை அறியவேண்டும். உலக நல நிறுவனத்தின் உதவியுடன் 1959ஆம் ஆண்டு மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் வலசை ஆய்வைத் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கியவர் சாலிம் அலி. அப்போது அவருக்கு வயது 60ஐக் கடந்திருந்தது.

மெல்லிய வலைகளில் அகப்பட்ட பறவைகளை ஆய்வாளர்கள் மெதுவாக விடுவித்தனர், சிறகின் நீளத்தை அளந்தனர், எடையைக் குறித்தனர், காலில் வளையமிட்டு வானில் விடுத்தனர். பறவை பிடிப்பதையே பரம்பரைத் தொழிலாகக் கொண்டிருந்தவர்களும் இம்முகாம்களில் பணியாற்றினர். உண்பதற்கும் விற்பதற்கும் பறவைகளைப் பிடித்த அவர்தம் கைத்திறன், இப்போது பறவைகளை அறிவதற்குப் பயன்பட்டது. வளையம் கண்டால் மும்பைக் கழகத்துக்குத் தெரிவிக்குமாறு ஒவ்வொரு வளையத்திலும் பொறிக்கப்பட்டிருந்தது. காலப்போக்கில் சோவியத் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அவ்வளையங்களைப் பற்றிய செய்திகள் வந்து சேர்ந்தன.

இவ்வாய்வுக்கு உகந்த இடங்களுள் ஒன்று தமிழ்நாட்டின் வேதாரணியத்தை அடுத்த கோடியக்கரை. கடலும் சதுப்பு நிலமும் உப்பளங்களும் சூழ்ந்த அப்பகுதிக்கு இலையுதிர்காலத்தில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஆலாக்களும் கூட்டம் கூட்டமாக வருகின்றன. பூநாரைகளும் அங்கே திரள்கின்றன. சேற்றில் உள்ள புழுக்களையும் சிற்றுயிர்களையும் உண்டு உள்ளான்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன.

இளவேனில் நெருங்கும்போது அக்கடற்கரையில் ஒரு மாற்றம் நிகழும். சாம்பல் நிறமாக இருந்த உள்ளான்களின் இறகுகள் செம்பழுப்பாக மாறத் தொடங்கும். அவை முன்னினும் மிகுதியாக இரை உண்டு உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அக்கொழுப்பே நெடும்பயணத்துக்கான கட்டுச்சோறு. வழக்கமாக 30 கிராம் எடையைக்கூட எட்டாத கொசு உள்ளான், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வடதுருவத்தை ஒட்டிய பனிநிலத்தை அடைந்து அங்கே குஞ்சு பொரிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் சேற்றுவெளி மெல்ல மெல்ல வெறுமையாகும். இத்தகைய பயணிகளுக்கு இடைவழித் தங்குமிடம் ஒன்று அழிந்தால் முழுப் பயணமே முறிந்துவிடும். ஒரு நாட்டின் சதுப்பு நிலத்தைக் காப்பது பல நாடுகளின் பறவைகளைக் காப்பதாகும் என்பதை வலசை ஆய்வு உணர்த்தியது. 1967ஆம் ஆண்டு கோடியக்கரை காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது.

பெருமையும் நிறைவும்

அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து அவர் எழுதிய இந்திய, பாகிஸ்தான் பறவைகளின் கையேடு 10 தொகுதிகளாக வெளிவந்தது. பரத்பூர்ப் பறவைகள் புகலிடத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காக்க அவர் குரல் கொடுத்தார். இந்திய அரசு 1958இல் பத்மபூஷண் விருதும், 1976இல் பத்மவிபூஷண் விருதும் வழங்கிச் சிறப்பித்தது. பன்னாட்டுப் பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புப் பணிக்கே அளித்தார். 1985ஆம் ஆண்டு மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார்.

சாலிம் அலி தம் தன்வரலாற்று நூலுக்குச் சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்னும் பொருள்படப் பெயரிட்டார். ஆய்வுக்காகத் தாமும் பறவைகளைச் சுட்டதை அவர் மறைத்ததில்லை. இன்ன இடத்தில் இன்ன பறவை வாழ்கிறது என்பதை நிறுவ அக்காலத்தில் அம்முறையே பின்பற்றப்பட்டது. எனினும் குருவியைச் சுட்டு வீழ்த்திய கையே, பின்னாளில் பறவையின் காலில் வளையமிட்டு அதனைப் பறக்கவிட்டது. தெரியாததைக் கேட்கும் துணிவும், விடை கிடைக்கும்வரை காத்திருக்கும் பொறுமையுமே அம்மாற்றத்தை விளைவித்தன.

1987ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் நாள், தம் 90ஆம் வயதில் அவர் மறைந்தார். கோவையில் உள்ள பறவையியல், இயற்கை வரலாற்று ஆய்வு மையமும், கோவாவில் அலையாத்திக் காடுகளுக்கு நடுவே உள்ள பறவைகள் புகலிடமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

பயிற்சி

அ. சொற்பொருள்
ஊறு – துன்பம், கேடு
தீற்று – பூச்சு
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்
இளவேனில் – சித்திரை, வைகாசி மாதங்கள்
கட்டுச்சோறு – பயணத்தின்போது உண்ணக் கட்டி எடுத்துச் செல்லும் உணவு

ஆ. பிரித்து எழுதுக
1. கடற்கரை
2. நெடும்பயணம்
3. சிற்றுயிர்

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக
1. சாலிம் அலி சுட்ட குருவி எவ்வகையில் மற்றக் குருவிகளினின்றும் வேறுபட்டிருந்தது?
2. ஹெலிகோலாந்துத் தீவில் அவர் கற்றது யாது?
3. வலசைக்கு முன் உள்ளான்களிடம் ஏற்படும் மாற்றங்கள் இரண்டனைக் கூறுக.

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக
1. கிஹிம் கடற்கரையில் சாலிம் அலி கண்டறிந்த செய்திகளைத் தொகுத்து எழுதுக.
2. ஒரு நாட்டின் சதுப்பு நிலத்தைக் காப்பது பல நாடுகளின் பறவைகளைக் காப்பதாகும். ஏன்?

உ. செய்து பார்க்க
உங்கள் வீட்டருகே காணப்படும் பறவை ஒன்றை ஒரு வாரம் நாள்தோறும் குறித்த நேரத்தில் உற்றுநோக்குக. அதன் இரை, ஒலி, செயல் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.